கொடுக்க ஒன்றுமில்லை, வந்து கைகொடு: எம்மாவுஸ் சமூகங்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

1949ஆம் ஆண்டின் இறுதி. பாரிஸுக்குக் கிழக்கே உள்ள நெய்யி-பிளேசான்ஸ் என்ற புறநகரில் ஒரு பாதிரியாரைத் தேடி ஆள் வருகிறது. தற்கொலைக்கு முயன்ற ஒருவர் பிழைத்துக் கிடக்கிறார், வந்து பாருங்கள் என்று அழைப்பு. அந்த மனிதரின் பெயர் ஜோர்ஜ். தந்தையைக் கொன்ற குற்றத்துக்காகப் பிரெஞ்சு கயானாவின் தண்டனைக் குடியேற்றத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தவர். விடுதலையாகி ஊர் திரும்பியபோது அவருக்கென்று அங்கே எதுவும் மிச்சமில்லை. வீடு இருந்தது, அதில் அவருக்கு இடமில்லை.

பாதிரியார் ஆறுதல் சொல்லவில்லை, பணமும் கொடுக்கவில்லை. உனக்குத் தர என்னிடம் ஒன்றுமில்லை என்றே பேச்சைத் தொடங்கினார். வீடில்லாத குடும்பங்களுக்காக வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன், ஒற்றை ஆளாக முடியவில்லை, களைத்துப்போகிறேன், நீ சாகத்தான் போகிறாய் என்றால் உன்னைத் தடுப்பதற்கு எதுவும் இல்லை, அதற்கு முன் வந்து எனக்குக் கொஞ்சம் கைகொடுக்க முடியுமா என்று கேட்டார். ஜோர்ஜ் போனார். தங்கினார். பின்னாளில் அவர் தந்த விளக்கம், வீடற்றவர்கள் சேர்ந்து வாழ்ந்து உழைக்கும் சமூகங்களாக அங்கிருந்து வளர்ந்த எம்மாவுஸ் இயக்கத்தில் இன்றும் சொல்லப்படுகிறது. பணமோ வீடோ வேலையோ எதைக் கொடுத்திருந்தாலும் மறுபடியும் உயிரை விடத்தான் முயன்றிருப்பேன், பிழைக்க வழி இல்லை என்பதல்ல என் குறை, பிழைத்திருக்கக் காரணம் இல்லை என்பதே குறை. அவர் சொன்னதன் சாரம் இது.

தெருவில் இருப்பவரை நிலையான வாழ்வுக்குக் கொண்டுவரும் சமயம் சார்ந்த முயற்சிகளில் இந்த ஒன்றை நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதற்கு இந்தச் சந்திப்பே காரணம். கொடுப்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் மறு பக்கம் என்ற ஏற்பாட்டை ஒரு கேள்வி புரட்டிப்போட்டது. எம்மாவுஸின் வெற்றி எல்லாம் அந்தப் புரட்டலிலிருந்து வந்தது. அதன் தோல்விகளும், அண்மையில் வெளிவந்த பெரும் அவமானமும், அந்த ஏற்பாடு பழைய நிலைக்குத் திரும்பிய இடங்களில் நடந்தவை. கையில் இருக்கும் செய்திகளைத் திரும்பத் திரும்பப் படித்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்.

பாதிரியாரின் இயற்பெயர் ஆன்ரி குருவெஸ். 1912இல் லியோன் நகரில் பட்டு வணிகம் செய்த வசதியான கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைகளுக்கு முடிவெட்டி, முகம் மழித்துவிடப் போவார். மகனையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். 1931இல் சொத்துரிமையைத் துறந்து கப்புச்சின் துறவற சபையில் சேர்ந்தார் ஆன்ரி. 1938இல் குருப்பட்டம் பெற்றார். உடல்நிலை சரியில்லாமல் சபையை விட்டு கிரனோபிள் மறைமாவட்டக் குருவானார். ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் யூதர்களை எல்லை கடத்தி சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிய தலைமறைவு வேலையில் அவர் வைத்துக்கொண்ட புனைபெயர்தான் அபே பியேர். போருக்குப் பின் மெர்த்-எ-மொசேல் தொகுதியிலிருந்து 1945 முதல் 1951 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார்.

அவரோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய, பெரும்பாலும் சொல்லப்படாமல் போகிற ஒரு பெயர் உண்டு: லூசி கூத்தாஸ். 1899இல் பிறந்தவர். இளமையில் முதுகெலும்புக் காசநோயால் படுக்கையில் கிடந்து, 1921இல் லூர்து நகரில் குணமடைந்ததாக நம்பியவர். எதிர்ப்பு இயக்கத்தில் பியேரின் செயலாளராகச் சேர்ந்து, 1982இல் இறக்கும்வரை எம்மாவுஸின் கணக்கையும் நிர்வாகத்தையும் கவனித்தார். கறாரானவர், தோழர்கள் அவரைப் பயங்கரி என்று செல்லமாகப் பழித்தார்கள். பியேர் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த நாட்களில் அடுப்பு எரிந்ததற்கும், கடன்காரருக்குப் பதில் போனதற்கும் இவரே பொறுப்பு. வீடு இழந்தவர்களோடு வேலை செய்யும் எந்த அமைப்பிலும் இப்படி ஒரு கறாரான ஆள் இல்லாவிட்டால் இரண்டாம் மாதமே கதவை மூட வேண்டியதுதான்.

நெய்யி-பிளேசான்ஸில் பியேர் வாடகைக்குப் பிடித்தது இடிந்துகொண்டிருந்த ஒரு பெரிய வீடு. கூரையிலிருந்து தரைவரை செப்பனிட்டு, போரில் ஒருவரையொருவர் கொன்ற நாடுகளின் இளைஞர்கள் வந்து தங்கிப் பேசும் விடுதியாக்கினார். அதற்கு வைத்த பெயர் எம்மாவுஸ். தமிழ் விவிலியத்தில் எம்மாவு என்று வரும் அதே ஊர்தான். எல்லாம் முடிந்துவிட்டது என்று மனம் உடைந்து எருசலேமிலிருந்து நடந்துபோகும் இரண்டு சீடர்கள், வழியில் சேர்ந்துகொண்ட முன்பின் தெரியாத மனிதரைப் பொழுது சாய்ந்துவிட்டது, எங்களோடு தங்குங்கள் என்று வற்புறுத்துகிறார்கள். அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கும்போதுதான் அவர் யாரென்று கண்டுகொள்கிறார்கள். லூக்கா நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் உள்ள இந்தக் கதை அந்த வீட்டின் விதியையும் எழுதிவிட்டது என்று சொல்லலாம்.

ஏனென்றால் வந்தவர்கள் இளைஞர்கள் மட்டுமல்ல. போரில் லட்சக்கணக்கான வீடுகள் அழிந்த நாட்டில் வாடகை கொடுக்க முடியாத குடும்பங்கள் தெருவில் நின்றன. வாடகை வீட்டிலிருந்து துரத்தப்பட்ட ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு எம்மாவுஸ் வாசலுக்கு வந்தபோது படுக்க ஓரிடமும் காலியில்லை. வீட்டுக்குள் ஒரு சிற்றாலயம் இருந்தது. பியேர் நற்கருணைப் பேழையை மாடி அறைக்கு மாற்றிவிட்டு, சிற்றாலயத்தில் அந்தக் குடும்பத்தைக் குடிவைத்தார். கத்தோலிக்கர் அல்லாதவருக்கு இதன் கனம் உடனே புரியாமல் போகலாம். நற்கருணை என்பது அவர்களுக்கு இறைவனின் உடனிருப்பு. அதை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு குடும்பத்துக்கு இடம் விடுவது, கர்ப்பக்கிரகத்தைத் திறந்து ஏழைக்குப் பாய் விரிப்பதற்குச் சமம். அவருடைய நம்பிக்கை அவரை அதைச் செய்யவிடாமல் தடுக்கவில்லை, செய்யச் சொன்னது.

பிறகு காலி மனைகளை வாங்கிச் சிறு வீடுகள் கட்டினார்கள். அனுமதி வாங்காமலே கட்டியதாகவும் புகார்கள் எழுந்தன. கட்டியவர்கள் ஜோர்ஜும், அவரைப் போல வந்து சேர்ந்த சிறை மீண்டவர்களும், குடிக்கு அடிமையானவர்களும், வேலை இழந்தவர்களும். அவர்களைக் குறிக்கப் பிறந்த சொல் கொம்பான்யோன். தோழர் என்று தமிழில் சொல்கிறேன். அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் லத்தீன் வேரில் ரொட்டி இருக்கிறது. ஒரே ரொட்டியைப் பகிர்ந்து உண்பவர் என்று பொருள். பயனாளி என்று அவர்களை யாரும் அழைக்கவில்லை. நம் ஊர்த் தொண்டு நிறுவன அறிக்கைகளில் அந்தச் சொல் பக்கத்துக்குப் பத்து முறை வருவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதரை அப்படி அழைக்கத் தொடங்கிய உடனேயே அவரிடம் கேட்பதற்கு நமக்கு ஒன்றும் இல்லாமல் போய்விடுகிறது.

1951இல் பியேர் தேர்தலில் தோற்றார். நாடாளுமன்றச் சம்பளம் நின்றது. அதை நம்பித்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. இரவில் பாரிஸின் உணவகங்களில் மேசை மேசையாகக் கையேந்தினார். இது தெரிந்ததும் தோழர்கள் கோபப்பட்டார்கள். உழைத்துத் தின்ன வந்த இடத்தில் பிச்சைக் காசா என்பது அவர்கள் கேள்வி. அவர்களில் முன்பு குப்பை பொறுக்கிப் பிழைத்த ஒருவர் தன் தொழிலைக் கற்றுத் தந்தார். பாரிஸின் குப்பையில் கந்தல், காகிதம், எலும்பு, இரும்பு, செம்பு எல்லாம் காசு. பொறுக்கி, தரம் பிரித்து, எடைக்குப் போட்டால் வீடு ஓடும்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். எம்மாவுஸை இன்றுவரை தாங்கி நிற்கும் தொழில் இதுதான். அதைக் கண்டுபிடித்தது பாதிரியார் அல்ல, வீடற்ற ஒரு மனிதர். பியேர் கையேந்தியபோது பழைய ஏற்பாட்டுக்கே திரும்பிப் போனார். அவரைத் தடுத்து நிறுத்தியவர்கள் அவரால் காப்பாற்றப்பட்டதாகச் சொல்லப்பட்டவர்கள்.

1952இல் லக்சம்பர்க் வானொலியின் வினாவிடைப் போட்டி ஒன்றில் பியேர் கலந்துகொண்டு 2,56,000 பிராங்க் வென்றார். லாரியும் மனையும் வாங்க உதவியது. ஆனாலும் எம்மாவுஸ் அப்போது ஒரு புறநகர்ச் சங்கதிதான். நாடு முழுவதும் அதை அறிந்தது 1954 குளிர்காலத்தில்.

அந்த ஜனவரி முதல் வாரத்தில், பழைய பஸ் ஒன்றின் கூட்டில் குடியிருந்த குடும்பத்தின் மூன்று மாதக் குழந்தை குளிரில் விறைத்து இறந்தது. அதே நாட்களில்தான் அவசர வீடுகளுக்காக 100 கோடி பிராங்க் ஒதுக்கும் யோசனையை மேலவை நிராகரித்திருந்தது. குழந்தையின் அடக்கத்துக்கு வரும்படி வீட்டுவசதி அமைச்சருக்குப் பியேர் பத்திரிகை வழியாகத் திறந்த கடிதம் எழுதினார். அமைச்சர் வந்தார், சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தார். மாத முடிவில் குளிர் இன்னும் கடுமையானது. பாரிஸின் செபாஸ்தொபோல் பெருஞ்சாலை நடைபாதையில் ஒரு பெண் விறைத்துச் செத்துக்கிடந்தார். இரண்டு நாள் முன்பு அவரை வீட்டிலிருந்து வெளியேற்றிய உத்தரவுத் தாள் கையில் இருந்தது. பிப்ரவரி 1 அன்று வானொலியில் பியேரின் குரல் ஒலித்தது. அந்த வேண்டுகோளில் மன்றாட்டு குறைவு, கணக்கு அதிகம்: இன்றிரவுக்குள், தவறினால் நாளைக்குள், 5,000 கம்பளி, 300 பெரிய கூடாரங்கள், 200 அடுப்புகள் வேண்டும், ரோச்செஸ்டர் ஹோட்டலில் கொண்டுவந்து கொடுங்கள், முகவரி லா போயேசி தெரு, 92ஆம் எண்.

பாரிஸ் அந்தத் தெருவில் குவிந்தது. கம்பளியும் மேலங்கியும் நகையும் பணமும் மலையாகச் சேர்ந்தன. ஒர்சே ரயில் நிலையத்தையே கிடங்காக்க வேண்டியிருந்தது. நன்கொடை 50 கோடி பிராங்கை எட்டியது. சார்லி சாப்ளின் 20 லட்சம் பிராங்க் தந்தார். தாம் வாழ்ந்தும் நடித்தும் காட்டிய நாடோடிக்கு உரிய பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். முன்பு 100 கோடிக்குக் கை விரித்த நாடாளுமன்றம் சில வாரங்களுக்குள் 1,000 கோடி பிராங்கை ஒருமனதாக ஒதுக்கியது. குளிர்காலத்தில் வாடகைதாரரை வெளியேற்றக் கூடாது என்ற சட்டம் 1956 டிசம்பரில் வந்தது. இன்றும் பிரான்சில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை வீட்டு உரிமையாளர் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. ஒரு தனிமனிதரின் வேண்டுகோளிலிருந்து ஒரு நாட்டின் சட்டம்வரை மூன்று வருடங்களுக்குள் நடந்த பயணம் அது.

இதுவரை படித்தால் புண்ணிய சரித்திரம் போல இருக்கும். நுவாசி-லெ-கிரானுக்குப் போனால் அப்படி இருக்காது. பாரிஸுக்கு வெளியே, 1954இன் நன்கொடைப் பணத்தில், அஸ்பெஸ்டாஸ் சிமெண்டுத் தகட்டை அரைவட்டமாக வளைத்துக் கவிழ்த்த தற்காலிகக் குடில்களை எம்மாவுஸ் எழுப்பியது. எஸ்கிமோ வீடு போன்ற தோற்றத்தால் அவற்றுக்கு இக்ளூ என்றே பெயர். சுமார் 250 குடும்பங்கள். சில மாதங்களுக்கு என்று கட்டியவை பத்தாண்டுக்கு மேல் நின்றன. கோடையில் சூளை, குளிரில் பனிப்பெட்டி, சுற்றிலும் சேறு, குடிநீருக்கு வரிசை. தீ விபத்துகளும் நடந்தன. சொந்த வீடு கிடைக்காத குடும்பங்கள் அங்கேயே தங்கிப்போயின.

1956இல் அங்கே ஜோசப் ரெசின்ஸ்கி என்ற மற்றொரு பாதிரியார் வந்தார். ஆன்ஷே நகரில் வறுமையில் வளர்ந்தவர். தன் தாய் தர்மம் வாங்கி நின்ற காட்சியைச் சிறுவயதில் பார்த்தவர். முகாமில் இலவச சூப் விநியோகத்தை நிறுத்தினார். வெளியிலிருந்து பழந்துணி மூட்டைகள் வந்து குவிவதையும் நிறுத்தினார். பலருக்குக் கோபம். அதற்குப் பதில் நூலகம், குழந்தைகள் பள்ளி, சிற்றாலயம், பெண்களுக்கென ஓரிடம் என ஒன்றொன்றாக முகாம்வாசிகளோடு சேர்ந்து கட்டினார். 1957இல் அவர்களோடு சேர்ந்து அவர் தொடங்கிய சங்கம்தான் நாலாம் உலகம் என்ற பெயரோடு பின்னாளில் ஐ.நா. வரை போன இயக்கம். தெரிந்தோ தெரியாமலோ ரெசின்ஸ்கி செய்தது பியேர் ஜோர்ஜிடம் செய்ததுதான். 1954இன் வெள்ளத்தில் எம்மாவுஸ் அதை மறந்திருந்தது. நாடே கொடுக்க ஓடிவரும்போது, வாங்குபவரிடம் எதையும் கேட்க யாருக்கும் தோன்றாது.

எம்மாவுஸ் தன் பாதையை மறுபடி பிடித்தது அந்த மாபெரும் நன்கொடையால் அல்ல, காயலான் கடைத் தொழிலால். சமூகங்கள் பிரான்சிலும் பிற நாடுகளிலும் ஒன்றொன்றாக முளைத்தன. 1969இல் பெர்ன் நகரில் கூடிப் பொதுவான அறிக்கை ஒன்றை ஏற்றார்கள். 1971இல் மான்ட்ரியலில் பன்னாட்டு அமைப்பு உருவானது. இப்போது சுமார் 40 நாடுகளில் 400க்கு மேற்பட்ட குழுக்கள் அதில் இருக்கின்றன. பிரான்சில் மட்டும் 100க்கு மேற்பட்ட சமூகங்கள்.

ஒரு சமூகத்துக்குள் நாள் எப்படி ஓடுகிறது என்பதைச் சொன்னால்தான் நிலையான வாழ்வு எப்படி உருவாகிறது என்று புரியும். காலையில் லாரி கிளம்புகிறது. யாரோ இறந்துபோன பாட்டியின் வீட்டைக் காலி செய்ய அழைத்திருக்கிறார்கள்; அலமாரி, மெத்தை, தையல் இயந்திரம், ஒரு பெட்டி நிறையக் கோப்பைகள். தோழர்கள் மாடியிலிருந்து அலமாரியை இறக்குகிறார்கள். கிடங்கின் நீண்ட மேசையில் மூட்டை பிரிகிறது. ஒருவர் சட்டையை விரித்துக் கழுத்துப்பட்டையைத் தடவிப் பார்க்கிறார், பொத்தான் எண்ணுகிறார், அக்குளில் தையல் விட்டிருக்கிறதா என்று திருப்புகிறார். விற்கலாம், வெளுத்தால் விற்கலாம், கந்தல் என்று மூன்று கூடைகள். அவருக்கு அது கைவந்த வேலை. துணியைத் தொட்டே பருத்தியா கம்பளியா நைலானா என்று சொல்வார். அடுத்த பட்டறையில் ஒருவர் வானொலியைத் திறந்து வைத்திருக்கிறார். இன்னொருவர் நாற்காலிக் காலுக்கு வச்சிரம் தடவுகிறார். சனிக்கிழமை விற்பனைக் கூடம் திறக்கும்போது ஊரார் வரிசையில் நிற்பார்கள். நேற்றுவரை யாரைக் கண்டு தெருவின் அந்தப் பக்கம் போனார்களோ அவரிடமே கொஞ்சம் விலை குறையுங்கள் என்று பேரம் பேசுவார்கள்.

அந்தப் பேரத்தைச் சிறிய விஷயமாக நினைக்கக் கூடாது. வீடில்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்த மனிதர் இழப்பது கூரையை மட்டுமல்ல. காலையில் எழ ஒரு காரணம், தன் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு குரல், தான் இல்லாவிட்டால் எங்கோ ஒரு வேலை நின்றுபோகும் என்ற எண்ணம், எல்லாம் போய்விடுகின்றன. லாரிக்கு நான்கு ஆள் வேண்டும், மூன்று பேர் இருந்தால் அலமாரி இறங்காது. அவர் எழுந்து வரவில்லை என்றால் கதவைத் தட்டுவார்கள்.

கந்தல் கூடைக்கும் வழி கண்டார்கள். 1984இல் வடக்கே சுரங்கங்கள் மூடிக்கொண்டிருந்த புருவே பகுதியில் தொடங்கிய ல ரெலே என்ற எம்மாவுஸ் கூட்டுறவு நிறுவனம் பழந்துணியைத் தரம் பிரிக்கிறது. உடுத்த முடியாத பருத்தியிலிருந்து சுவருக்குள் குளிர் புகாமல் தடுக்கும் பஞ்சுப் பலகை செய்கிறது. அங்கே வேலை செய்பவர்கள் தோழர்கள் அல்ல, சம்பளம் பெறும் ஊழியர்கள். இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகும்.

சமூகங்களின் விதிகள் சில. அன்றாடச் செலவுக்கு அரசு மானியத்தை நம்பக் கூடாது, உழைத்துச் சாப்பிட வேண்டும். மிச்சம் வந்தால் தம்மைவிடத் துன்பப்படுபவருக்குப் போக வேண்டும். வருபவரின் பழைய கதையையோ மதத்தையோ கட்சியையோ கேட்கக் கூடாது. அவராகச் சொன்னால் காது கொடுக்கலாம். எவ்வளவு காலம் தங்குவது என்பதும் அவர் விருப்பம். சிலர் ஒரு வாரம், சிலர் முப்பது வருடம். மிச்சத்தைப் பிறருக்குக் கொடுக்கும் விதிதான் எல்லாவற்றையும்விட ஆழமானது என்று நினைக்கிறேன். நேற்று நடைபாதையில் கிடந்தவர் இன்று தூரத்து நாட்டுக் கிணற்றுக்கோ பள்ளிக்கோ பணம் அனுப்பும் கூட்டத்தில் கையுயர்த்துகிறார்.

இதில் மதம் எங்கே இருக்கிறது? பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் அணுகுமுறையைச் சூப், சோப், மீட்பு என்று மூன்று சொல்லில் சுருக்குவார்கள். வயிறு, உடல், பிறகு ஆன்மா. அந்தச் சேனை தெருவோர மக்களுக்குச் செய்த நன்மை மிகப் பெரியது. அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் பிரசங்கத்தின் முடிவில் வரும் சூப்புக்கு ஒரு விலை இருக்கிறது, பசித்தவர் அதை அறிவார். எம்மாவுஸ் அந்த விலையை வைக்கவில்லை. ஒரு பாதிரியார் தொடங்கி, விவிலியத்து ஊரின் பெயரைத் தாங்கிய இயக்கம், எந்த மதத்தையும் சாராதது என்று தன்னை அறிவித்துக்கொண்டது. தோழர்களில் முஸ்லிம்கள் உண்டு, கடவுளே வேண்டாம் என்பவர்கள் உண்டு. எம்மாவு கதையில் சீடர்கள் அந்நியரிடம் நீ யார் என்று கேட்டுவிட்டா உள்ளே அழைத்தார்கள்? அந்த நம்பிக்கை சிற்றாலயத்தைக் காலி செய்த இரவில் முழு வலிமையோடு வேலை செய்தது. சுவரில் எழுதி வைக்க வேண்டிய தேவை அதற்கு இருக்கவில்லை.

1990களின் தொடக்கத்தில் இது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குப் போனது. மாணவராக இருந்தபோது பாரிஸில் தோழர்களோடு வேலை செய்த ஒரு தொழிலதிபர் பல ஆண்டுகளுக்குப் பின் அதை நினைவுகூர்ந்து முதல் சமூகத்தைத் தொடங்கினார். அங்கே சேர்பவர் வேலையில்லாதோர் உதவித்தொகையை விட்டுவிட வேண்டும் என்பது விதி. கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் சேர்பவர்களில் பலர் அந்த நாளையே திருப்பமாகச் சொல்கிறார்கள்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, தோழர் தொழிலாளர் அல்ல. பிரெஞ்சுச் சட்டம் 2008இல் இதற்கெனத் தனி அந்தஸ்தை ஏற்படுத்தியது. தோழருக்கும் சமூகத்துக்கும் இடையே வேலை ஒப்பந்தம் கிடையாது. உறையுள், உணவு, மாதச் சிறு படி, சமூகப் பாதுகாப்புக்கான பங்களிப்பு உண்டு. நல்ல மனமுள்ள பொறுப்பாளரின் கீழ் இது குடும்பம் போல நடக்கும். மனம் கெட்டவரிடம் சிக்கினால் குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கும் வழியாகிவிடும். 2023 கோடையில் லில் நகருக்கு அருகே உள்ள ஒரு சமூகத்தில் இதே குற்றச்சாட்டோடு தோழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வடக்கின் வேறு சில சமூகங்களுக்கும் அது பரவியது. வழக்கு நீதிமன்றம்வரை போனது. கூரையும் வேலையும் சாப்பாடும் ஒரே கையில் இருக்கும்போது, அந்தக் கையோடு சண்டை போட்டவருக்கு ஒரே நாளில் மூன்றும் போகும். வீட்டை எந்த நிபந்தனையும் இல்லாமல் முதலில் கொடுத்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கும் முறை 2011 முதல் பிரான்சின் சில நகரங்களில் நடப்பதற்கு இதுவும் ஒரு நியாயம். கடுமையான மனநோயோடு தெருவில் இருப்பவரிடம் லாரிக்கு வா என்று கேட்க முடியாது. அவருக்கு அந்த முறையே பொருந்தும். எம்மாவுஸ் எல்லோருக்குமான மருந்து அல்ல.

இரண்டாவதை எழுதக் கை தயங்குகிறது, எழுதாவிட்டால் இந்த ஆய்வு பொய்யாகிவிடும். 2007 ஜனவரி 22 அன்று 94ஆவது வயதில் அபே பியேர் இறந்தார். நோத்ர்தாம் பேராலயத்தில் அரசு மரியாதை. அவருடைய விருப்பப்படி முன்வரிசைகளில் தோழர்கள் அமர்ந்தார்கள், குடியரசுத் தலைவருக்கும் முன்னால். பிரெஞ்சு மக்களுக்கு மிகப் பிடித்தவர் யார் என்ற கருத்துக்கணிப்புகளில் ஆண்டுதோறும் முதலிடம் பெற்று, போதும் என்று தானே பெயரை எடுக்கச் சொன்னவர். பதினேழு ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 17 அன்று, எம்மாவுஸ் அமைப்புகளே வெளியாரைக் கொண்டு நடத்திய விசாரணையின் அறிக்கை வெளிவந்தது. பியேர் தங்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதாக ஏழு பெண்கள் சாட்சியம் சொல்லியிருந்தார்கள். செப்டம்பரில் மேலும் 17 சாட்சியங்கள். 2025 ஜனவரியில் மொத்தம் 33 ஆனது. சிலர் அப்போது சிறுமிகள். திருச்சபையின் பழைய ஆவணங்களைத் திறந்தபோது, 1950களிலேயே ஆயர்கள் சிலருக்கு அவருடைய நடத்தை தெரிந்திருந்ததும், அவரைச் சுவிட்சர்லாந்தின் மருத்துவமனைக்கு அனுப்பிவைத்ததற்கு அதுவும் காரணம் என்பதும் வெளிவந்தன.

அந்தப் பெண்களில் தொண்டர்கள் உண்டு, ஊழியர்கள் உண்டு, உதவி கேட்டு வந்தவர்களும் உண்டு. வீடு வேண்டும் என்று ஒரு பெண் யாரிடம் போவாள்? நாட்டில் வீட்டின் மறுபெயராக இருந்தவரிடம். அவளால் அவரிடம் இல்லை என்று சொல்ல முடியுமா? சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? 1954க்குப் பிறகு அந்த மனிதர் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத கொடையாளி ஆகிவிட்டார். 1951இல் உணவகத்தில் கையேந்தாதே என்று அவரைத் தட்டிக்கேட்ட தோழர்கள் இருந்தார்கள். புனிதராகிவிட்டவரைத் தட்டிக்கேட்க அப்படி யாரும் மிஞ்சவில்லை. சமயம் சார்ந்த எல்லாத் தொண்டுக்கும் இந்த ஆபத்து வாசலிலேயே நிற்கிறது. நம்பிக்கை வருவோரை நம் வீட்டுக்குள் அழைத்துவருகிறது. அதே நம்பிக்கை, அழைத்தவர் மீது சந்தேகம் வராமலும் பார்த்துக்கொள்கிறது.

எம்மாவுஸ் இதை மூடி மறைக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். விசாரணைக்குப் பணம் கொடுத்தது அவர்களே, அறிக்கையை வெளியிட்டதும் அவர்களே. பாதிக்கப்பட்டவர்கள் பேசுவதற்கென ஒரு தொடர்பு வழி திறந்தார்கள். அவர் பெயரிலிருந்த அறக்கட்டளை 2025 ஜனவரியில் பெயரை மாற்றிக்கொண்டு, நலிந்தோரின் வீட்டுவசதிக்கான அறக்கட்டளையானது. நார்மண்டியின் எஸ்தெவீலில், லூசி கூத்தாஸுக்கும் தோழர்கள் சிலருக்கும் அருகே அவர் அடக்கமான ஊரில் இருந்த நினைவில்லம் மூடப்பட்டது. சமூகங்களில் லாரி நிற்கவில்லை. ஜோர்ஜும், குப்பை பொறுக்கத் தெரிந்த அந்தப் பெயரற்ற மனிதரும், லூசியும், மேசையில் துணி பிரித்த ஆயிரக்கணக்கானவர்களும் கட்டியது அது. ஒருவருக்கு மட்டும் உரியதாக அது எப்போதும் இருந்ததில்லை.

இன்று அந்த மேசையைச் சுற்றி நிற்பவர்களில் பெரும்பகுதியினர் குடியேறிகள், தங்க அனுமதிச் சீட்டு இல்லாதவர்கள். மாலியிலிருந்தும் ஜார்ஜியாவிலிருந்தும் அல்ஜீரியாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கு நிலையான வாழ்வு என்பது கூரையோடு முடிவதில்லை, ஒரு காகிதத்தில்தான் முடியும். 2018ஆம் ஆண்டுச் சட்டம், இப்படி ஒரு சமூகத்தில் மூன்று ஆண்டுகள் இருந்து உழைத்தவர் தங்கும் உரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம் என்கிறது. கேட்கலாம், அவ்வளவுதான், கொடுப்பதும் மறுப்பதும் மாவட்ட அதிகாரி கையில். மூன்று ஆண்டு வேலைக்கான சான்று, பொறுப்பாளரின் கடிதம், பிரெஞ்சு பேசத் தெரியும் என்பதற்கான அத்தாட்சி எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கிக்கொண்டு, லாரி இல்லாத ஒரு நாள் காலையில் அவர்கள் மாவட்ட அலுவலக வரிசைக்குப் போகிறார்கள். கூடவே சமூகத்திலிருந்து ஒருவர் போவது வழக்கம்.